அந்தப் புடவையை அலசாதீங்க

பனிக்குடம் உடைந்து வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்போது உடைந்தது, தண்ணீர் என்ன நிறம் என்பதுதான். நேரத்தைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். நிறம் கேட்டால் அம்மாவும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நனைந்த புடவையை அலசிப் போட்டுவிட்டு, வேறு உடுத்திக்கொண்டுதான் வண்டி ஏறியிருப்பார்கள். கூச்சம், வேறென்ன.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்துப் பிரசவ அறையில் ஸ்டாஃப் நர்ஸ். அன்று வந்த பெண்ணுக்குத் தலைப்பிரசவம், 41 வாரம். பேட் வைத்துப் பார்த்தால் பச்சைப்பயறு வேகவைத்த தண்ணீர் மாதிரி, கெட்டியாக. இளநீர் மாதிரித் தெளிவாகவோ லேசான வைக்கோல் நிறத்திலோ இருக்க வேண்டியது. குழந்தையின் இதயத்துடிப்பு 110க்கும் 160க்கும் இடையில் இருக்க வேண்டும், இங்கே வலி வரும்போதெல்லாம் 100க்குக் கீழே இறங்கி, வலி விட்ட பிறகும் ஏற மறுத்தது. இடதுபக்கம் படுக்க வைத்து, டாக்டருக்குச் சொல்லி, 108ஐக் கூப்பிட்டோம்.

"ஏம்மா, புள்ள உள்ளேயே வெளிக்குப் போயிடுச்சா, விஷமாயிடுமா?" என்று அந்தப் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

விஷமெல்லாம் இல்லை. 100 பிரசவத்தில் 10, 15இல் குழந்தை இப்படி உள்ளேயே மலம் கழித்து, தண்ணீர் பச்சையாகும், நாள் தள்ளிப்போனால் இன்னும் அதிகம், குடல் முதிர்ந்துவிட்டதாலேயே போகும் குழந்தைகள் உண்டு. பெரும்பாலானவை நன்றாக அழுதுகொண்டே பிறக்கும், அவற்றுக்குத் தொண்டையில் குழாய் விட்டு உறிஞ்ச வேண்டியதுகூட இல்லை, நேராக அம்மா நெஞ்சில் போடலாம். ஆனால் ஆக்சிஜன் குறைந்து திணறும் குழந்தையும் மலம் கழிக்கும், அதே திணறலில் அந்தத் தண்ணீரை நுரையீரலுக்குள் இழுத்துவிடும். நிறத்தோடு துடிப்பையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். அப்புறம், சளியோடு லேசாக ரத்தம் கலந்து வருவது வேறு, ரத்தமாகவே கொட்டி வயிறு கல்லாக இறுகுவது நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவதாக இருக்கலாம். நாற்றம் அடித்தால் கிருமித்தொற்று. எதுவானாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மூச்சுத்திணறலோடு சில நாள் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இருந்து, வீட்டுக்குப் போனான்.

ஒன்றரை மாத ஊசிக்கு வந்தபோது பாட்டி மெதுவாகச் சொன்னார்: "காலையில அலசும்போதே பச்சையாத்தான் இருந்துச்சு நர்ஸம்மா. கீரைக் கறைன்னு நெனச்சுட்டேன்." நாங்கள் பார்த்ததோ மதியம். அவர் மடியில் பேரன் ஊசி வலியில் கத்திக்கொண்டிருந்தான், நான் அவன் காலைப் பிடித்தபடி ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.