64 என்று எழுதிய இரவு

குழந்தைகள் வார்டுக்கு மாற்றலாகி வந்த புதிதில், மூச்சை 15 நொடி எண்ணி நாலால் பெருக்கி எழுதிவிடுவேன். கை நிறைய வேலை இருக்கும்போது பலரும் செய்வதுதான். ஒருநாள் சீனியர் சிஸ்டர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "உனக்கு வாய்ப்பாடு தெரியும்னு எனக்குத் தெரியும்மா. ஒரு நிமிஷம் முழுசா எண்ணு" என்றார்.

கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக வராது. சில நொடி ஓடும், கொஞ்சம் நிற்கும், மறுபடி ஓடும். நாம் எண்ணிய 15 நொடி எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து 44உம் வரும், 64உம் வரும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலே வேகமான மூச்சு என்று கணக்கு. அழும்போது எண்ணக் கூடாது, பால் குடிக்கும்போதும் கூடாது. அமைதியான நேரம் பார்த்து, சட்டையை மேலே ஏற்றிவிட்டு, வயிற்றையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சரியாக அந்த நிமிடத்தில்தான் பக்கத்துக் கட்டிலிலிருந்து "சிஸ்டர், டிரிப்ஸ் நின்னுடுச்சு" என்று குரல் வரும்.

சளிக் காய்ச்சல் சீசனில் எங்கள் கட்டில்களை அதிகம் நிரப்புவது ஆர்எஸ்வி வைரஸ். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது வெறும் ஜலதோஷம். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது பிடித்துவிட்டுப் போகும். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலேயே தேறிவிடுவார்கள். எங்களிடம் வருவது மற்றவர்கள்: குறைமாதத்தில் பிறந்தவர்கள், இதயத்தில் பிறவிக் குறை உள்ளவர்கள், மூன்று மாதம்கூட நிரம்பாதவர்கள். நுரையீரலின் நுண்குழாய்கள் அவர்களுக்கு ஏற்கெனவே அத்தனை சின்னவை. உள்ளே வீங்கி, சளி அடைத்து, விட்டம் பாதியாகிவிட்டால் காற்றுக்கான தடை 16 மடங்காகும். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து உள்ளே போவதைப் பார்த்தால் அந்தக் கணக்கு தானாகப் புரியும்.

"என்ன மருந்து போடறீங்க?" என்று எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். எனக்கு மிகவும் சங்கடமான கேள்வி இதுதான். இன்ஃப்ளூயன்சா என்றால் ஓசெல்டாமிவிர் இருக்கிறது. ஆர்எஸ்வியால் வரும் பிராங்கியோலைடிஸுக்கு, அதாவது இந்த நுண்குழாய் வீக்கத்துக்கு, அப்படி ஒன்றைக் கையில் எடுத்துக் காட்ட முடியாது. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. ஸ்டீராய்டோ நெபுலைசரில் வைக்கும், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமாலோ இந்த நோயில் பெரும்பாலும் பலன் தருவதில்லை. மூக்கில் உப்புநீர் விட்டுச் சளியை உறிஞ்சி எடுப்பது, ஆக்சிஜன், வாயால் குடிக்க முடியாவிட்டால் மூக்குக்குழாய் வழியே பால், அப்புறம் காத்திருப்பு. மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வரை மோசமாகிவிட்டுத்தான் பெரும்பாலும் இறங்கும். "இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில மூக்கைத்தான் துடைக்கிறீங்க" என்று ஒரு அப்பா சத்தம் போட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. நெபுலைசர் புகை வந்தால் குழந்தையைவிடச் சுற்றி நிற்பவர்களுக்குத்தான் மூச்சு சீராகிறது என்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

அந்த இரவு ஏழு வாரக் குழந்தை ஒன்று. குறைமாதம், நோயின் நான்காம் நாள். மாலை முழுவதும் 70க்கு மேல் மூச்சு, மூக்குச் சிறகுகள் விரிந்து விரிந்து மூடின, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். பத்து மணிக்கு எண்ணினேன், 64. பதினோரு மணிக்குப் போனபோது சத்தமே இல்லை. "இப்பத்தான் சிஸ்டர் அசந்து தூங்குறா, இருமல்கூடக் குறைஞ்சிருக்கு" என்றார் அம்மா. இரண்டு நாளாகக் கண் மூடாதவர். மானிட்டரில் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 95 சதவீதம். போர்த்தியிருந்த துணியை விலக்கினால் விழித்துக்கொள்ளுமே என்று தோன்றியது. மூச்சு என்ற கட்டத்தில் பத்து மணியின் 64ஐயே மறுபடி எழுதிவிட்டு நகர்ந்தேன்.

இருபது நிமிடம் கழித்து ரவுண்ட்ஸ் வந்த சீனியர் சிஸ்டர் துணியை விலக்கினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த ஒரு நிமிடம் மாதிரி நீளமான நிமிடத்தை நான் கண்டதில்லை. "26" என்றார். நடுவில் பத்துப் பத்து நொடி நின்று நின்று வந்த 26. குழந்தை தூங்கவில்லை, களைத்துப்போயிருந்தது. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் சாச்சுரேஷன் நன்றாகவே காட்டும். உள்ளே கரியமில வாயு சேர்வதை அந்த எண் சொல்லாது. டாக்டர் ஓடி வந்தார், மூக்கு வழியே வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோ போட்டுப் பார்த்தார்கள், போதவில்லை. நள்ளிரவுக்குள் ஐசியூவில் வென்டிலேட்டர். நான்கு நாள் இருந்தது.

இந்த வைரஸை 1956இல் முதலில் கண்டது சளி பிடித்த சிம்பன்சிகளிடம். பத்தாண்டு கழித்துச் சோதித்த ஒரு தடுப்பூசி நோயைக் கடுமையாக்கி, இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்த அடியிலிருந்து எழ அரை நூற்றாண்டுக்கு மேலானது. பச்சிளங்குழந்தைகளுக்குப் போடும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்புப்புரத ஊசிக்கு 2022இலும், கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசிக்கு 2023இலும்தான் முதல் அனுமதிகள் கிடைத்தன. இதையெல்லாம் பின்னால்தான் படித்தேன். அன்றிரவு ஐசியூ கதவுக்கு வெளியே அந்த அம்மா கேட்டது வேறு: "நான்தான் தூங்குறான்னு சொல்லிட்டேனோ சிஸ்டர்?" இல்லைம்மா, பார்க்க வேண்டியது நான் என்றேன். அவர் அதை நம்பினாரா, தெரியவில்லை.

குழந்தை வார்டுக்குத் திரும்பி, பால் குடித்து, எடை ஏறி வீட்டுக்குப் போனது. ஆனால் அன்றிரவே, ஐசியூவுக்கு அனுப்பிய கையோடு, சீனியர் சிஸ்டர் சார்ட்டை என் முன்னால் வைத்திருந்தார். திட்டவில்லை. "ஒயிட்னர் தொடாதே. ஒத்தக் கோடு போட்டு, எண்ணலைன்னு எழுதி, கையெழுத்தும் நேரமும் போடு" என்றார். போட்டேன். கோட்டுக்குக் கீழே 64 தெளிவாகவே தெரிந்தது.