இதைச் சொல்வது யார்?

தேர்வுக்கு முன் நான் எழுதிப் பழகிய கட்டுரைகள் எல்லாம் "இன்றைய நவீன உலகில்" என்றுதான் தொடங்கும். கைப்பேசியின் நன்மை தீமைக்கும் அதே தொடக்கம், மழைநாளுக்கும் அதே தொடக்கம். பிழை இருக்காது, பழமொழி இருக்கும். ஆனாலும் மதிப்பெண் பாதியைத் தாண்டாது. ஒருநாள் ஆசிரியர் தாளின் ஓரத்தில் "இதைச் சொல்வது யார்?" என்று மட்டும் எழுதித் தந்தார்.

அது 'நான் ஒரு நாற்காலி' என்ற தன்கதைக் கட்டுரை. என் நாற்காலி தேக்கின் பயன்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது! நாற்காலிக்கு என்ன தெரியும்? உட்கார்ந்தவர் நிம்மதியாகச் சாய்ந்தாரா, நுனியில் தவித்தாரா என்பது தெரியும். அதை மட்டும் வைத்துத் திருப்பி எழுதினேன். தன்மையில் வரும் சின்னச் சின்ன வாக்கியங்கள், கொஞ்சம் பேச்சுச் சாயல். தன்கதைக்கு அந்த நடை போதும்.

வருணனையில் வேறு சிக்கல். ஒரே பக்கத்தில் 'அழகாக இருந்தது' என்று மூன்று முறை எழுதியவன் நான். கைகொடுத்தது தொல்காப்பியம். உவமை வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடியாகப் பிறக்கும் என்கிறது அது. அதாவது செயல், பயன், வடிவம், நிறம். மழையை எடுத்துக்கொண்டால், தகரத்தில் யாரோ அவசரமாகத் தட்டச்சு செய்வது போன்ற சத்தம் செயல். சாய்ந்த கம்பிகள் வடிவம். துடைக்காத சிலேட்டு போன்ற வானம் நிறம். நான்கையும் ஒரே பத்தியில் கொட்டிவிடாதீர்கள். நான் கொட்டிப் பார்த்தேன், நகைக்கடை மாதிரி ஆகிவிட்டது.

விளக்கக் கட்டுரைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காரணம் முன்னே, விளைவு பின்னே, உவமைக்கு விடுமுறை.

வாதக் கட்டுரைதான் பலரையும் கவிழ்க்கிறது. எதிர்க்கட்சியைத் திட்டுவதே வாதம் என்று நானும் நினைத்திருந்தேன். நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில், அதாவது நூலாசிரியர் கொள்ளும் கொள்கைகளில் ஒன்று, பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பிறகு அதைக் களைவது. "வீட்டுப்பாடம் பழக்கத்தை உறுதிப்படுத்தும் என்பது சரியே, ஆனால் வகுப்பில் தவறாகப் புரிந்துகொண்டதை வீட்டில் பத்து முறை எழுதினால் தவறுதான் உறுதிப்படும்." இப்படி எழுதும்போது 'அநியாயம்', 'கொடுமை' போன்ற சொற்கள் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன. வியப்புக்குறியும் தேவைப்படாது.

அப்புறம் சரிபார்ப்பு. அதற்கும் நன்னூலே போதும். அது சொல்லும் பத்துக் குற்றங்களில் மூன்றைப் பென்சிலால் தாளின் மேலே குறித்துக்கொள்வேன்: கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். என் நிரந்தர நோய் மூன்றாவது. முதல் பத்தியில் முரசு கொட்டுவேன், கடைசிப் பத்தியில் நேரமில்லாமல் இரண்டு வரியோடு ஓடிவிடுவேன். அதனால் வினாத்தாள் கைக்கு வந்ததும் கடைசிப் பத்திக்கான குறிப்பைத்தான் முதலில் எழுதினேன். நான்கைந்து சொல்தான், முழு வாக்கியம்கூட இல்லை. எழுதி முடித்தபோது அந்தக் குறிப்பில் ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவே.