அப்பாவின் சாரம் ஏன் நிலத்தில் இழுபட்டது

போன வருடம் ஆவணியில் ஒரு காலை அம்மா அப்பாவைப் பேசினா. "சாரத்தைத் தூக்கிக் கட்டுங்கோ, முத்தம் எல்லாம் கூட்டுது." அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்த நாளும் கட்டுற இடத்திலதான் கட்டியிருக்கிறன்."

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். அப்பா இரண்டு அங்குலம் கட்டையாகியிருந்தார். அது எங்களுக்கு விளங்க இன்னும் நாலு மாதம் எடுத்தது.

அப்பாவுக்கு வயது 69. உரும்பிராய்ச் செம்மண்ணில் நாற்பது வருடம் வெங்காயமும் புகையிலையும் செய்த ஆள். அப்படிப்பட்டவருக்கு நாரி நோ என்றால் ஆர் பயப்படுவது? தோட்டக்காரன் எல்லாருக்கும் நாரி நோதான். ஒரு தனியார் கிளினிக்கில் டைக்குளோபினக் என்ற நோக்குளிசை எழுதிக் கொடுத்தார்கள். நோ குறைந்தது, முடிந்ததும் திரும்ப வந்தது. பிறகு மருந்துத் துண்டே தேவைப்படவில்லை, பாமசியில் பேர் சொல்லி வாங்கினார். களைக்கிறது என்றார், இரத்தம் குறைவு என்று இரும்புக் குளிசை வந்தது. கால் வீங்கியது, சிறுநீரகம் கொஞ்சம் பழுது, உப்பைக் குறையுங்கோ என்றார்கள். எலும்புக்கு நல்லது என்று சித்தி கல்சியம் குளிசை வாங்கிவந்தா. முருங்கையிலை, பீட்றூட் எல்லாம் தனிக் கணக்கு. மூன்று வருத்தத்துக்கு மூன்று இடத்தில் மூன்று கிளினிக் கொப்பி.

நான் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் விடை அந்தக் கொப்பிகளுக்குள் கிடந்த இரத்த ரிப்போட்டிலேயே இருந்தது. மார்கழியில் கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீரைத் தூக்கியவர் அப்படியே இருந்துவிட்டார். எக்ஸ்றேயில் முள்ளந்தண்டு எலும்புகள் இரண்டு நசிந்து ஆப்பு மாதிரி இருந்தன. வாட்டில் இருந்த சின்ன வயது டொக்டர் ஒருவர் பழைய ரிப்போட்டுகளை எல்லாம் கட்டிலில் பரப்பிவைத்துப் பேனையால் வட்டம் போட்டார். ஹீமோகுளோபின் 8.4, குறைவு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் 2.1, கல்சியம் 11.6, செங்கலம் படியும் வேகமான ஈ.எஸ்.ஆர் 118, மூன்றும் கூட. கடைசியாக மொத்தப் புரதம் 10.8, அல்புமின் 2.9.

"டீச்சர், இதைக் கழிச்சுப் பாருங்கோ."

7.9. அல்புமினைக் கழித்தால் மிஞ்சுவது குளோபுலின். அது மூன்று, மூன்றரைக்குள் இருக்க வேணும். ஒரு மாணவி இப்படி ஒரு விடை எழுதியிருந்தால் நான் சிவப்புக் கோடு போட்டிருப்பேன். அப்பாவின் ரிப்போட்டையோ மடித்துக் கொப்பிக்குள் வைத்திருந்தேன்.

குளோபுலினில் பெரிய பங்கு, கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள். எலும்புக்குள்ளே உள்ள என்பு மச்சையில் இருக்கும் பிளாஸ்மா கலங்கள்தான் அவற்றைச் செய்கின்றன. சாதாரண ஆளின் இரத்தத்தில் ஆயிரக்கணக்கான வகை இருக்கும், நல்லூர்த் தேருக்கு வந்த சனம் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். அப்பாவுக்கு வந்திருந்த மல்டிபிள் மயலோமா என்ற இரத்தப் புற்றுநோயில் ஒரே ஒரு கலம் கட்டுப்பாடில்லாமல் பெருகி, அதன் பிள்ளைகள் எல்லாம் ஒரே புரதத்தைக் கொட்டுகின்றன. தேர் வீதி முழுக்க ஒரே முகம். எதிர்க்க வேண்டிய கிருமி ஒன்றுக்கும் அந்தப் புரதம் உதவாது, அதனால்தான் இந்த நோய்க்காரருக்கு நியூமோனியா சுலபமாக வரும். இரத்தப் புரதத்தை மின்னில் ஓடவிட்டுப் பிரிக்கும் சோதனைக்கு மாதிரி கொழும்புக்குப் போய் வந்தது. வரைபின் கடைசிப் பக்கத்தில் சரிவான மேடாக வர வேண்டிய இடத்தில் பனை மாதிரி ஒற்றையாக நெட்டென்று நின்றது ஒரு கோடு. பிறகு இடுப்பெலும்பில் ஊசி போட்டு மச்சை எடுத்தார்கள். பத்து வீதத்துக்கு மேல் பிளாஸ்மா கலம் இருந்தாலே யோசிப்பார்கள். அப்பாவுக்கு நாற்பது.

இனி மற்றதெல்லாம் தானாக விளங்கியது. அந்தக் கலங்கள் எலும்பைக் கரைக்கும் கலங்களை உசுப்பிவிடுகின்றன, கட்டும் கலங்களை அடக்கிவைக்கின்றன. எலும்பு ஓட்டையாகிறது, கரைந்த கல்சியம் இரத்தத்துக்கு வருகிறது. சித்தி அதற்கு மேலும் கல்சியம் கொடுத்துக்கொண்டிருந்தா, பாவம். மச்சையில் இடமில்லாததால் இரத்தம் ஊறவில்லை. புரதத்தின் துண்டுகள் சிறுநீரகக் குழாய்களில் அடைத்துக்கொண்டன. அந்தச் சிறுநீரகத்துக்குத்தான் மாதக்கணக்காக டைக்குளோபினக்கும் போனது.

"அப்ப மூண்டு வருத்தமும் ஒண்டுதானோ பிள்ளை?" என்று கேட்டார் அப்பா. ஓம் என்றேன். "நல்லது. ஒரு கொப்பி காணும்."

சிறுநீர்ச் சோதனை ஏன் முதலே காட்டவில்லை என்று எனக்கு ஆத்திரம். தோய்த்துப் பார்க்கும் அந்தப் பட்டி அல்புமினைத்தான் பிடிக்கும், இந்தத் துண்டுகளைச் சரியாகப் பிடிக்காது. ஆனால் இவற்றுக்கு ஒரு குணம் உண்டு. 1845இல் லண்டனில் எலும்பு நோவால் துடித்த ஒரு வியாபாரியின் சிறுநீர், ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற வைத்தியரிடம் வந்தது. அவர் இரசாயனமும் தெரிந்தவர். இந்தப் புரதம் சூடாக்க, 60 பாகைக்குள் கலங்கும். கொதிக்கும்போது தெளியும். ஆறினால் திரும்பவும் கலங்கும். முட்டை வெள்ளை ஒருதரம் வெந்தால் வெந்ததுதான், இது திரும்பக் கரைகிறது! பிறபொருளெதிரியின் இலேசான சங்கிலி என்ற துண்டுதான் அது என்று எடெல்மன், காலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்ட 1962 ஆகிவிட்டது. ஆய்வுகூடத்துப் பன்சன் அடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த வியாபாரியின் ஞாபகம்தான்.

மருந்து தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில். 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சனம் காசு சேர்த்தது இங்கத்தைய புற்றுநோய்ப் பிரிவுக்காகத்தான். கிழமைக்கு ஒருதரம் வயிற்றுத் தோலுக்கடியில் போட்டசோமிப் ஊசி. இரவில் தலிடோமைட். 1957இல் ஜேர்மனியில் நித்திரைக் குளிசையாக வந்து, கை கால் இல்லாத குழந்தைகள் பிறந்ததால் 1961இல் தடைபட்ட அதே மருந்துதான். 1999இல் மயலோமாவுக்கு வேலை செய்கிறது என்று கண்டார்கள். பெயரைக் கண்டதும் நான் பயந்தேன், அப்பாவுக்கு அது மலச்சிக்கலையும் பாதத்தில் விறைப்பையும் கொடுத்தது, அவ்வளவுதான். எலும்புக்கு மாதத்துக்கு ஒருதரம் சொலெட்ரோனிக் அமிலம், ஆனால் முதலில் பல் டொக்டரிடம் அனுப்பினார்கள். அந்த மருந்து ஏறின பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். ஆடிக்கொண்டிருந்த இரண்டு பல்லை அந்தக் கிழமையே எடுத்தாயிற்று.

இவற்றோடு கொடுத்த டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை குடிக்கிற நாள்தான் வீட்டுக்குத் திருவிழா. அந்த இரவு அப்பாவுக்கு நித்திரை இல்லை. இரண்டு மணிக்கு லைற்றைப் போட்டுக்கொண்டு, கதிரையில் நிமிர்ந்திருந்து வெங்காயத்துக்குத் தாள் அரிவார். சீனியும் ஏறும், வாயும் கூடும். மறுநாள் பின்னேரம் பொத்தென்று விழுந்து படுத்துவிடுவார்.

முற்றாக மாறாது என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். அடக்கி வைக்கலாம், வருடக்கணக்கில் வைக்கலாம், திரும்ப எழும்பினால் வேறு மருந்து பார்க்கலாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேணும், காய்ச்சல் என்றால் அன்றைக்கே வர வேணும், நோக்குளிசை கேட்காமல் தொடக்கூடாது. ஆறு மாதத்தில் குளோபுலின் 3.8க்கு இறங்கியது. கிரியற்றினின் 1.4. ஸ்டாஃப் ரூமில் ஆர் ரிப்போட்டைக் காட்டினாலும் நான் முதலில் அந்தக் கழித்தலைத்தான் செய்கிறேன். பயித்தியம் என்று நினைக்கிறார்கள் போல.

நசிந்த எலும்பு நிமிரவில்லை, நிமிரவும் மாட்டாது. அம்மா இப்போது புதுச் சாரம் வாங்கினால் மூட்டும்போதே அடியில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்துவிடுகிறா. அப்பா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.