வாலை வெட்டிய வால்

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் மொத்தமாக விற்கும் ஒரு கடை. எனக்கு முன் யாரோ விசுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழியில் எழுதிவிட்டுப் போன பில் புரோகிராமைப் பார்த்துக்கொள்வதுதான் அங்கே என் வேலை. சேர்ந்து இரண்டு கிழமை ஆகியிருக்கும், கணக்கப்பிள்ளை ஐயா கூப்பிட்டார். "தம்பி, ஆள் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கட்டியிருக்கிறார், உங்கட கொம்பியூட்டர் பன்னிரண்டு ரூபாய் எண்டு சொல்லுது."

தேடிப் பார்த்தால் குற்றவாளி வால் (Val). எழுத்தாகக் கிடக்கும் தொகையை எண்ணாக்கித் தரும் ஃபங்ஷன் அது. ஆனால் இடமிருந்து படித்துக்கொண்டே வந்து, புரியாத எழுத்து ஒன்று வந்ததும் அதோடு நின்றுவிடும், எந்தப் பிழையும் காட்டாது. 12,500இல் காற்புள்ளிக்குப் பிறகு இருந்த 500ஐ அது பார்க்கவே இல்லை. கவுன்டர் பொடியன் சில நாள் காற்புள்ளி போடுவான், சில நாள் போடமாட்டான், அதனால் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் பிடித்தது.

சரி என்று அதற்குப் பதிலாக, அதே வேலையைச் செய்யும் சிடிபிள் (CDbl) ஃபங்ஷனைப் போட்டேன். அது காற்புள்ளியைப் புரிந்துகொள்ளும், புரியாவிட்டால் 'டைப் மிஸ்மேட்ச்' என்று கத்தும். அடுத்த நாளே கத்தியது! தொகைப் பெட்டியை வெறுமையாக விட்டால் வால் பேசாமல் 0 தரும், சிடிபிள் அதே மிஸ்மேட்ச் பிழையை, பிழை 13 என்று போட்டுப் படுத்துவிடும். முன்னவர் ஏன் வாலைப் பிடித்துத் தொங்கினார் என்பது அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் காசு விஷயத்தில் கத்துகிறவனையே நான் நம்புவேன். வெறும் பெட்டியை முதலில் பார்த்துவிட்டு, நான்கு தசம இடம் வரை பிசகாமல் வைத்திருக்கும் சிகர் (CCur) ஃபங்ஷனுக்கு மாறினேன்.

அப்புறம் ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி. 20,531.25 ரூபாய்ச் சம்பளத்தில் தொழிலாளியின் 8 வீதம் 1642.50. ஐயாவின் கொப்பியில் 1643, முழு எண்ணாக்கும் சிஇன்ட் (CInt) ஃபங்ஷன் தந்ததோ 1642. சரிபாதி வந்தால் அது பக்கத்து இரட்டை எண்ணுக்குத்தான் போகும்: 2.5 என்றால் 2, 3.5 என்றால் 4. வங்கிக்காரர் முறை என்று விளக்கினேன். "எந்த வங்கி?" என்றார். பேசாமல் அரையைக் கூட்டி, கீழ்நோக்கி முழு எண்ணாக்கும் இன்ட் (Int) போட்டுக் கொடுத்தேன். திருப்பி வரும் சரக்குக்கு அது சரிவராது, ஏனென்றால் அப்படிச் செய்தால் 12.5 என்பது 13 ஆகும், -12.5 என்பதோ -12 தான் ஆகும். அதற்கு எப்படி வேண்டும் என்று ஐயாவிடம் முதலிலேயே கேட்டுவிட்டேன்.