அண்ணன் ரத்தம்: ஒரு லேப் டெக்னீஷியனின் நாட்குறிப்பு

மார்ச் 4

அண்ணனுக்கு நுரையீரல் காசநோய் என்று உறுதியாகிவிட்டது. நாளையிலிருந்து மாத்திரை. அதற்கு முன்னால் இன்று நானே ரத்தம் எடுத்தேன்.

"கிருமி சளியிலதானே இருக்கு, ரத்தத்தை எதுக்குப் பாக்குறே?" என்று கேட்டான்.

நான்கு மருந்துகள்: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால். முதல் மூன்றும் கல்லீரலைப் பதம் பார்க்கக்கூடியவை. நாளைக்கு ஒரு அளவு ஏறினால், எந்த எண்ணிலிருந்து ஏறியது என்று தெரிய வேண்டும். எஸ்ஜிபிடி 24, எஸ்ஜிஓடி 22. இரண்டும் செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும் என்சைம்கள். மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமியான பிலிருபின் 0.7. தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மார்ச் 18

எஸ்ஜிபிடி 68, எஸ்ஜிஓடி 51. எங்கள் லேபில் இரண்டுக்கும் மேல் எல்லை 40. ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த நட்சத்திரக் குறியைப் பார்த்ததும் அண்ணன் முகம் வாடிவிட்டது. இந்த மருந்து சாப்பிடும் பலருக்கு முதல் சில வாரங்களில் இப்படிக் கொஞ்சம் ஏறும், மருந்தை நிறுத்தாமலே தானாக இறங்கியும் விடும் என்றேன். டாக்டரும் தொடரச் சொன்னார்.

ஒன்றை மட்டும் அண்ணியிடம் தனியாகச் சொல்லி வைத்தேன். பசி போனாலோ, குமட்டினாலோ, சிறுநீர் கறுத்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மார்ச் 27

காலை ஆறு மணிக்கு அண்ணியின் போன். மூன்று நாளாகச் சாப்பாட்டைக் கண்டாலே எழுந்து போய்விடுகிறானாம். சிறுநீர் கறுத்துப் போவதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, அண்ணிதான் கவனித்திருக்கிறாள்.

லேபுக்கு வரச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ரத்தம் எடுத்தான். நரம்பு சரியாகச் சிக்காமல், பிஸ்டனை வேகமாக இழுத்துவிட்டான். சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜிலிருந்து டியூபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், சீரம், அதாவது மேலே தெளிந்து நிற்கும் நீர்ப்பகுதி, ரோஜா நிறத்தில் இருக்கிறது. சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன.

"பரவாயில்லைன்னு போட்டுடலாமா அக்கா?"

"வேண்டாம்டா. மறுபடி எடு."

சிவப்பணுவுக்குள் எஸ்ஜிஓடி நிறைய இருக்கிறது. அது சீரத்தில் கலந்துவிட்டால் கல்லீரலிலிருந்து வந்தது எது, உடைந்த அணுவிலிருந்து வந்தது எது என்று பிரிக்கவே முடியாது. தசையிலும் இதயத்திலும்கூட அந்த என்சைம் உண்டு. 1954இல் லாட்யூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மென் மூவரும் ரத்தத்தில் அது உயர்வதை முதலில் எழுதியதே மாரடைப்பு நோயாளிகளை வைத்துத்தான். எஸ்ஜிபிடி பெரும்பாலும் கல்லீரலுக்கே உரியது, அதனால்தான் என் கண் முதலில் அதன்மேல் போகும்.

இரண்டாவது டியூபில் சீரம் தெளிவாக இருந்தது. ஆனால் இருக்க வேண்டியதைவிட ஒரு படி கூடுதல் மஞ்சள். மெஷின் சொல்வதற்கு முன்பே எனக்கு வயிறு கலங்கியது.

எஸ்ஜிபிடி எத்தனை இருக்கிறது என்று நாங்கள் நேரடியாக அளப்பதில்லை. அது வேலை செய்யும் வேகத்தைத்தான் அளக்கிறோம். அலனினிலிருந்து அது பைருவேட்டை உண்டாக்குகிறது. அந்தப் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும்போது என்ஏடிஹெச் என்ற துணைப்பொருள் தீர்ந்துகொண்டே வருகிறது. என்ஏடிஹெச் 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். அது தீரத் தீர, திரையில் கோடு இறங்கும். நல்ல கல்லீரல் என்றால் கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். அண்ணனுடையது சரிந்து விழுந்தது. அளவு எல்லையைத் தாண்டிவிட்டது என்று மெஷின் கொடி காட்ட, சலைன் கலந்து நீர்க்க வைத்து மறுபடி ஓட்டினேன்.

412. பிலிருபின் 1.9.

அறிகுறியோடு மேல் எல்லையைப் போல மூன்று மடங்கு, அறிகுறி இல்லாமல் ஐந்து மடங்கு. இதைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். இங்கே பத்து மடங்கு. ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் போட்டேன். கல்லீரலைத் தொடும் மூன்று மருந்துகளையும் உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மார்ச் 29

எஸ்ஜிபிடி 530. நிறுத்தியும் ஏறுகிறது. பிலிருபின் 2.2, எங்கள் எல்லை 1.2. மருந்தால் கல்லீரல் செல்கள் அடிபட்டு, எஸ்ஜிபிடி மூன்று மடங்குக்கு மேலும் பிலிருபின் இரண்டு மடங்குக்கு மேலும் சேர்ந்தே போனால் ஏறக்குறைய பத்தில் ஒருவராவது பிழைப்பதில்லை என்பது கல்லீரல் மருத்துவர் ஹைமன் சிம்மர்மன் கவனித்துச் சொன்னதிலிருந்து வந்த விதி. அந்தக் கோட்டுக்கு இன்னும் 0.2தான் பாக்கி. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ரத்தம் உறையத் தாமதமானால் ஏறும் ஐஎன்ஆர், இயல்பான 1.1 என்று வந்த பிறகுதான் உட்கார்ந்தேன். ரத்தத்தை உறைய வைக்கும் ஏழாவது காரணியைக் கல்லீரல்தான் செய்கிறது, சில மணி நேரத்திலேயே அது பாதியாகக் குறைந்துவிடும். கல்லீரல் கைவிட்டால் ஐஎன்ஆர் ஓரிரு நாளில் காட்டிக்கொடுத்துவிடும். கல்லீரல் செய்யும் இன்னொரு புரதமான ஆல்புமின் 4.1 என்று பார்த்து அண்ணி சந்தோஷப்பட்டாள். அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும் என்பதால், இப்போதைக்கு அதை நம்பி எதையும் சொல்ல முடியாது.

ஏப்ரல் 2

எஸ்ஜிபிடி 260, எஸ்ஜிஓடி 96. "பாதியாயிடுச்சு பாப்பா!" என்று அண்ணன் போனில் கத்தினான். "ஐஎன்ஆர் வரட்டும் அண்ணா" என்று வைத்துவிட்டேன். அவனுக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு பெண், கல்லீரல் செயலிழப்பு. எஸ்ஜிபிடி ஆயிரக்கணக்கில் இருந்து மூன்றே நாளில் சில நூறுக்கு வந்தது. வாசலில் நின்றிருந்த அவருடைய அப்பாவிடம், "நல்லா இறங்கிட்டு வருதுங்க ஐயா" என்று நான்தான் சொன்னேன். அவர் கைகூப்பினார். அன்றைய ஐஎன்ஆரை நான் பார்க்கவில்லை. அது ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. கசிவதற்குச் செல்களே மிச்சமில்லாததால்தான் எஸ்ஜிபிடி குறைந்தது. மறுநாள் அந்தப் பெண் இறந்துவிட்டார்.

கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை என்று பெயர் இருந்தாலும், இந்த என்சைம்கள் செயல்பாட்டைச் சொல்வதே இல்லை. செல் உடைந்து வெளியே கொட்டியதைத்தான் சொல்கின்றன. கல்லீரல் தழும்பேறிப் போகும் சிரோசிஸ் முற்றியபோதுகூட எஸ்ஜிபிடி எல்லைக்குள்ளேயே இருக்கலாம். ஒற்றை எண்ணைப் பார்த்து நல்லது என்றோ கெட்டது என்றோ நான் இப்போதெல்லாம் வாய் திறப்பதில்லை.

மாலை நான்கு மணிக்கு ஐஎன்ஆர் வந்தது. 1.0. பிலிருபின் 1.6. எஸ்ஜிஓடி பாதியாவதற்கு 17 மணி நேரம் போதும், எஸ்ஜிபிடிக்கு 47. முன்னது வேகமாக இறங்கியிருப்பதும் புதிய சேதம் நின்றுவிட்டது என்பதோடு ஒத்துப்போகிறது. உடனே அண்ணனைக் கூப்பிட்டு, "இப்ப சந்தோஷப்பட்டுக்கோ" என்றேன்.

ஏப்ரல் 10

எஸ்ஜிபிடி 66. மேல் எல்லையின் இரண்டு மடங்குக்குக் கீழே வந்துவிட்டது. ரிஃபாம்பிசினை மட்டும் எத்தாம்புட்டாலோடு ஆரம்பித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகச் சேர்த்தால்தான் எது இடித்தது என்று பிடிபடும்.

ஏப்ரல் 16

41. ஐசோனியசிட்டும் சேர்ந்தது. அண்ணன் தினமும் காலையில் சிறுநீரின் நிறத்தை எனக்கு மெசேஜ் அனுப்புகிறான்.

ஏப்ரல் 23

35, பிலிருபின் 0.8. பைரசினமைடு இனி வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. அதற்குப் பதிலாக ஆறு மாதச் சிகிச்சை ஒன்பது மாதமாகிறது. சட்டைப்பையிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்து நீட்டினான். 24க்குக் கீழே ஒவ்வொரு தேதியையும் எண்ணையும் அவனே எழுதி வந்திருக்கிறான். 530ஐ மட்டும் சின்னதாக எழுதியிருந்தான். அதன் பக்கத்தில் ஐஎன்ஆர் 1.1 என்று நான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த ரத்தம் 30ஆம் தேதி.