காக்கைதீவில் ஏற்றிய பட்டம்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்குக் காக்கைதீவு என்றால் மீன்சந்தைதான். கொழும்பிலும் ஒரு காக்கைதீவு இருக்கிறது. மட்டக்குளியில், களனி கங்கை கடலோடு சேரும் இடத்தில். அங்கே பிள்ளைகள் கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக்கால் படம் வரைகிறார்கள் என்று நண்பர் அழைத்தார். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன்.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து, அடுத்த மாதம் மூழ்கியது. அதில் ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. பருப்பளவுள்ள அந்த மணிகள் மேற்குக் கரையில் குவிந்து ஒதுங்கின. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. மணலுக்குள் புதைந்ததை எடுக்கப் பிள்ளைகளிடம் இருப்பது ஒரு வாளி. மணலைப் போட்டுக் கடல்நீர் ஊற்றிக் கலக்கினால் மணல் அடியில் தங்கும், மணி மிதக்கும். தேநீர் வடியால் அள்ளிவிடுகிறார்கள். குப்பியில் அடைத்த குப்பையை விளக்கொளியில் வைக்கும் கண்காட்சிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். எதிலும் இந்த வடியின் சாமர்த்தியம் இல்லை.

மணிகளைத் தார்ப்பாயில் பரப்பி ஆற்றை வரைந்தார்கள். போத்தல் மூடிகள் வீடுகள். முடிந்ததும் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிவிடுவதாக ஏற்பாடு; கடலுக்கு ஒன்றும் திரும்பக்கூடாது.

மேலிருந்து படமெடுக்க ட்ரோனுக்கு அனுமதி வேண்டும். அது எங்களிடம் இல்லை. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கசிந்தபோது, கரைவாசிகள் பட்டத்திலும் பலூனிலும் சாதாரணக் கேமராவைக் கட்டித் தங்கள் கரையைத் தாங்களே படமெடுத்தார்கள். எனக்கு அது போதும். காலிமுகத்திடலில் விற்கும் பட்டம் கைப்பேசியைத் தூக்காது என்று பட்டத்துக்குப் பேர்போன வடமராட்சிக் கர்வத்தோடு சொல்லி, மூங்கில் சீவி ஆளுயரத்துக்கு ஒன்று கட்டிக் கொண்டுபோயிருந்தேன். முதல் முறை அது நேராகத் தார்ப்பாயில் விழுந்து பாதி ஆற்றைக் கலைத்தது. பிள்ளைகள் சிரித்ததில் கர்வமும் கலைந்தது.

இரண்டாம் முறை ஏறியது. இறக்கியபின் படத்தை வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் காட்டினேன். ஆற்றையும் கடலையும் அவர் பார்க்கவே இல்லை.

“தம்பி, எங்கள் ஒழுங்கை எங்கே?”

ஒரு சிறுவன் ஓடிப்போய் அந்தத் தெரு இருக்கும் இடத்தில் நீல மூடியொன்றை வைத்தான். மறுபடி ஏற்றலாம் என்று நூலைப் பிடித்தபோது காற்று விழுந்திருந்தது.