கழுத்துக் கட்டி ஆபரேஷனில் போன நரம்பு: நுகர்வோர் ஆணையத்தில் நான் பட்ட பாடு

போன மாதம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் உத்தரவு கைக்கு வந்தது. மருத்துவமனையும் டாக்டரும் சேர்ந்து ஆறரை லட்சம் ரூபாய் தர வேண்டும், மனு போட்ட நாளிலிருந்து 9 சதவீத வட்டி, செலவுத் தொகை பத்தாயிரம். படித்து முடித்ததும் என் மனைவி அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. மூன்றரை வருடத்தில் எங்கெங்கே ஏமாந்தேன் என்பதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது தேடிப் படிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் 14 வருடம் விற்பனையாளராக இருந்தவன். தலைக்கு மேலே இருக்கும் ரேக்கிலிருந்து புடவைக் கட்டுகளை இறக்கி, பிரித்துக் காட்டி, மறுபடி மடித்து ஏற்றுவதுதான் நாள் முழுக்க வேலை. 2022 மே மாதம் வலது பக்கக் கழுத்தில் நெறி கட்டி, இறங்கவே இல்லை. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். ஜூன் 20-ம் தேதி மரத்துப்போகும் ஊசி போட்டு, கட்டியை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். அரை மணி நேர வேலை, பில் 18,600 ரூபாய். டி.பி. என்று ரிசல்ட் வந்தது. அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுத்த மாத்திரையை ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டேன், டி.பி. போய்விட்டது.

தோள் போனது போனதுதான்.

தையல் பிரித்த மறுநாள் குளித்துவிட்டுத் தோளில் துண்டைப் போட்டேன். வழுக்கி விழுந்தது. எடுத்துப் போட்டேன், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்தபோது மனைவி பார்த்துவிட்டு, “ஏனுங்க, வலது தோள் இறங்கியிருக்குதுங்க” என்றாள். கண்ணாடியில் பார்த்தால் உண்மைதான். கையைப் பக்கவாட்டில் தூக்கினால் தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை.

ஜூலை, ஆகஸ்டில் நான்கு முறை அதே டாக்டரிடம் போனேன். வீக்கம் வடிய வேண்டும், மூன்று மாதம் ஆகும், பிசியோதெரபி செய்யுங்கள் என்றே நான்கு முறையும் சொன்னார். நம்பினேன். ஆபரேஷன் செய்தவர் சொல்வதை நம்பாமல் வேறு யாரை நம்புவது? நவம்பரில் பிசியோ பார்த்த பெண்தான் என் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணா, இது பயிற்சியில் வருவது இல்லை. தசை வற்றிக்கொண்டே போகிறது, உடனே நரம்பு டாக்டரைப் பாருங்கள்” என்றார். அந்தப் பெண்ணை இன்றைக்கும் மறக்கவில்லை.

நரம்பிலிருந்து தசைக்கு சிக்னல் வருகிறதா என்று பார்க்கும் இ.எம்.ஜி. சோதனையில், தோளைத் தூக்கிப் பிடிக்கும் ட்ரபீசியஸ் தசையில் சிக்னலே இல்லை. கழுத்தின் பக்கவாட்டில், தோலுக்குக் கொஞ்சம் கீழேயே ஸ்பைனல் ஆக்சசரி என்ற நரம்பு போகிறது. அந்த இடத்தில் கட்டி எடுக்கும்போது அது அறுபடும் ஆபத்து உண்டு என்பது எல்லா சர்ஜன்களுக்கும் தெரிந்த விஷயமாம். 2023 பிப்ரவரியில் வேறொரு மருத்துவமனையில் திறந்து பார்த்தார்கள். நரம்பு இரண்டு துண்டாகக் கிடந்தது. கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து இடையில் வைத்துத் தைத்தார்கள். ஒட்டிய நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் வளரும், அது போய்ச் சேரும்வரை தசை தாங்காது, ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார் அந்த டாக்டர். நான் போனது எட்டாவது மாதம். இப்போது வலது கையால் தலை வாரலாம், ரேக்குக்குக் கை எட்டாது. முதலாளி நல்லவர், என்னை பில் கவுன்ட்டருக்கு மாற்றினார். சம்பளத்தில் 4,000 ரூபாய் குறைந்தது.

சரி, வழக்குக்கு வருகிறேன். முதல் சிக்கல் கேஸ் ஷீட். வீட்டில் இருந்தது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான். ஆபரேஷன் நோட்ஸும் சம்மதப் படிவமும் வேண்டும் என்று கேட்டுக் கோவைக்கு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனேன். ரெக்கார்ட் பிரிவில் இருந்தவர், “சூப்பரின்டென்டன்ட் லீவு, திங்கட்கிழமை வாங்க” என்றார். திங்கட்கிழமை போனால் எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார், ரசீது தரவில்லை. மூன்றாவது முறை போனபோது அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்றார். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போனது.

பிறகுதான் தெரிந்தது, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. மூன்று வருடம் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். அந்த விதியைக் குறிப்பிட்டு ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் ஜெராக்ஸ் கட்டு வீட்டுக்கு வந்தது. நீங்கள் நேரில் போகவே போகாதீர்கள், முதல் கடிதமே தபாலில் போகட்டும். தபால் ரசீதையும் அட்டையையும் பத்திரமாக வையுங்கள்.

அந்தக் கட்டில் ஆபரேஷன் நோட்ஸ் மொத்தமே நான்கு வரி. நரம்பைப் பார்த்தோம், ஒதுக்கிக் காப்பாற்றினோம் என்று ஒரு சொல்கூட இல்லை. சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் அச்சடித்தது. ஆபத்துகள் என்ற இடத்தில் ரத்தக்கசிவு, கிருமித்தொற்று என்று இரண்டுதான் எழுதியிருந்தது. கீழே என் தமிழ்க் கையெழுத்து.

அடுத்து ஒரு தப்புச் செய்தேன். கோபத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், மேற்கொண்டு நகரவில்லை. டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு என்றால் சாதாரண அலட்சியம் போதாது, மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும், அதற்கு முன் சம்பந்தமில்லாத வேறு டாக்டரின் கருத்தைப் போலீஸ் வாங்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என் புகார் மருத்துவக் குழுவுக்குப் போனது, நான்கு மாதம் கழித்து அலட்சியம் என்று கூற இயலாது என ஒற்றைப் பக்கக் கடிதம் வந்தது. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்தக் கடிதத்தையே எதிர்த்தரப்பு பின்னால் ஆணையத்தில் ஆவணமாகப் போட்டது. நஷ்டஈடு வேண்டும் என்பவர்கள் போலீஸுக்குப் போகும் முன் ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள். மருத்துவக் கவுன்சிலுக்கும் புகார் கொடுக்கலாம், ஆனால் அவர்கள் டாக்டர் மேல் நடவடிக்கைதான் எடுப்பார்கள், நமக்குப் பணம் வாங்கித் தர மாட்டார்கள்.

முதலில் பார்த்த வக்கீல் கோவையில்தான் வழக்குப் போட வேண்டும், நஷ்டஈட்டுத் தொகைக்கு ஏற்றபடி கட்டணமும் ஆகும் என்றார். இரண்டுமே பழைய கணக்கு. அடுத்துப் போன வக்கீலம்மாதான் தெளிவாகச் சொன்னார். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பது நாம் கேட்கும் தொகையை வைத்து இல்லை, மருத்துவமனைக்குக் கட்டிய தொகையை வைத்துத்தான். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. நான் கேட்டது 15 லட்சம், கட்டணம் பூஜ்யம். இதற்காகவே அந்த 18,600 ரூபாய் பில் முக்கியம். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு பில் வாங்காமல் வராதீர்கள்.

“ரெண்டு வருஷம் கெடு, உங்களுக்கு 2024 ஜூன் வரைதான். இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க?” என்று அவர் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. 2024 மே மாதம் தாக்கல் செய்தோம்.

தாக்கல் என்றால் கொடுத்துவிட்டு வருவது இல்லை. இரண்டு முறை திருப்பினார்கள். ஒருமுறை பக்க எண் சரியில்லை. இன்னொரு முறை, டாக்டரின் கையெழுத்து படிக்க முடியவில்லை, அதற்கெல்லாம் டைப் செய்த நகல் வேண்டும் என்று. இரண்டு எதிர்த்தரப்பு என்றால் அவர்களுக்கும் சேர்த்து நகல் செட் போட வேண்டும். இப்போது நுகர்வோர் ஆணையங்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், அதிலும் ஸ்கேன் தெளிவாக இருக்கட்டும்.

அந்த டைப் நகல் விஷயத்தில்தான் என் வழக்கே திரும்பியது. நான்கு முறை போனேன் என்றேனே, ஓ.பி. சீட்டு இரண்டுதான் கையில் இருந்தது. மீதி இரண்டை வீட்டில் எதற்கோ கிழித்துப் போட்டுவிட்டோம். இருந்த இரண்டில் ஒன்று ஜூலை 11-ம் தேதி சீட்டு. மருந்துப் பெயர்களுக்குக் கீழே, ஓரத்தில் இரண்டு சொல் கிறுக்கியிருந்தது. மருந்துக் கடைக்காரரிடம் காட்டித்தான் படிக்க முடிந்தது: ஷோல்டர் ட்ரூப். அதாவது தோள் இறங்கியிருக்கிறது. 21-ம் நாளே அவர் பார்த்திருக்கிறார், எழுதியும் வைத்திருக்கிறார், ஆனால் சோதனைக்கு அனுப்பவில்லை.

எனக்குப் பெரிய பயம் நிபுணர் கருத்து பற்றித்தான். நரம்பை ஒட்டிய டாக்டர் எல்லாவற்றையும் வாயால் சொல்வார், எழுதித் தரமாட்டார். கெஞ்சிப் பார்த்தேன், முடியாது என்றுவிட்டார். வக்கீலம்மா கவலைப்படவில்லை. அவருடைய ஆபரேஷன் நோட்ஸில் நரம்பு முழுவதும் அறுபட்டு, இரண்டு முனைக்கும் இடைவெளி இருந்தது என்று எழுதியிருக்கிறதே, அதைவிட என்ன வேண்டும் என்றார். எல்லா மருத்துவ வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மேற்கோள் காட்டினார். இரண்டாவது ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் அந்த நோட்ஸை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.

எதிர்த்தரப்பு 44-ம் நாள் பதில் போட்டது. முப்பது நாளும் கூடுதலாகப் பதினைந்து நாளும்தான் அவர்களுக்குக் கெடு, அதற்கு ஒரு நாள் முன்னால். இது எல்லோருக்கும் தெரிந்த சிக்கல், அலட்சியம் இல்லை என்பதுதான் பதில். தெரிந்த சிக்கல் என்றால் சம்மதப் படிவத்தில் ஏன் இல்லை என்று நாங்கள் கேட்டோம். நோயாளிக்குப் போதுமான விவரம் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் 2008-ல் தீர்ப்பு இருக்கிறது. அப்புறம் எழுத்து மூலம் கேள்விகள் அனுப்பினோம். அந்த நரம்பைக் கண்ணால் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு, வழக்கமான முறையில் செய்யப்பட்டது என்று பதில் வந்தது. ஷோல்டர் ட்ரூப் என்று எழுதிய பிறகு ஏன் சோதனை எழுதவில்லை என்ற கேள்விக்கு நினைவில்லை என்று வந்தது.

இதற்கு நடுவில் வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் போய் உட்கார்ந்தேன், போகாமல் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று வக்கீலம்மா சொன்னார். ஆனாலும் போனேன்.

உத்தரவில் அறுவை சிகிச்சையைப் பற்றி அதிகம் இல்லை. தோள் இறங்கியதைப் பார்த்த பிறகும் சோதனைக்கு அனுப்பாமல் நாளைக் கடத்தியது சேவைக் குறைபாடு என்றுதான் முக்கியமாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டு சொல் அப்படியே உத்தரவில் இருக்கிறது. தொகை குறைந்ததற்குக் காரணம் என் சம்பளம். கடையில் ரொக்கமாகத்தான் வாங்கினேன், முதலாளி லெட்டர்பேடில் கொடுத்த சான்று மட்டும்தான் ஆதாரம். பாதியைத்தான் ஏற்றுக்கொண்டார்கள். வங்கி வழியாகச் சம்பளம் வாங்குபவர்கள் பாஸ்புக்கை விடாதீர்கள். அரசு மருத்துவமனையில் கொடுத்த மாற்றுத்திறன் சான்றிதழ் உதவியது. அந்தச் சான்றிதழ் இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீலும் கேட்கலாம், எனக்கு இது கடைசியில்தான் தெரிந்தது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம் எடுத்துக்கொள்ளாது, 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன சாந்தா வழக்கிலிருந்து அதுதான் நிலை. அவர்கள் சிவில் கோர்ட்டுக்கோ உயர் நீதிமன்றத்துக்கோதான் போக வேண்டும். காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டிய சிகிச்சை என்றால் அது இலவசம் ஆகாது, ஆணையத்துக்கே வரலாம்.

மேல்முறையீட்டுக்கு 45 நாள். எதிர்த்தரப்பு 40-ம் நாள் மாநில ஆணையத்துக்குப் போய்விட்டது. போக வேண்டும் என்றால் உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும், கட்டியிருக்கிறார்கள். முதல் வாய்தா அடுத்த மாதம் சென்னையில். ஜூலை 11 சீட்டின் அசலை லேமினேட் செய்யலாமா என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், கவரில் போட்டு வையுங்கள் என்றார். பீரோவில், மனைவியின் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறோம்.